அணை, அலை, ஓதம்... கேட்ட நேரத்துக்கு கரன்ட் தர்றது எது?

சாயங்காலம் 7 மணி. சூரியன் மறைஞ்சதும் சோலார் பேனலும் ஷிஃப்ட் முடிச்சு கிளம்பிடும். ஆனா, நீங்க ஃபேன், ஏசி, சார்ஜர்னு எல்லாத்தையும் ஆன் பண்றது அப்போதான். அதனால, தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வழிகளை ஒப்பிடும்போது, 'எவ்வளவு கிடைக்கும்' என்பதோடு 'எப்போ கிடைக்கும்' என்றும் கேட்கணும்.

முதலில் அலை. கேரளாவின் விழிஞ்ஞத்தில் 1991-ல் 150 கிலோவாட் சோதனை நிலையம் ஒன்று அமைத்தார்கள். கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, உள்ளே இருக்கும் காற்று டர்பைனைச் சுற்றும். ஐடியா செம! ஆனா, மழைக்காலத்துல கொந்தளிக்கிற கடல் மத்த மாசங்கள்ல அடங்கிடும். உற்பத்தியும் கூடவே அடங்கும். அந்த நிலையம் இப்போது இயங்கவில்லை.

ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், ரொம்ப பங்க்சுவல். பிரான்ஸின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 240 மெகாவாட் நிலையம் 1966 முதல் இருக்கிறது. சிக்கல் என்னன்னா, இங்கே டைம்டேபிள் போடுவது நிலா. ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்னிக்கு 7 மணிக்குப் பொங்கி நிற்கும் கடல், அடுத்த வாரம் அதே 7 மணிக்கு வற்றியிருக்கும். தவிர, ரான்ஸில் ஏற்ற இறக்க வித்தியாசம் சராசரியாக 8 மீட்டர். சென்னையில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான்!

அணை மட்டும்தான் நாம சொல்ற வரைக்கும் காத்திருக்கும். கோவை மாவட்டத்தின் கடம்பாறையில் (400 மெகாவாட்) இன்னும் ஒரு படி மேலே போயிருக்காங்க. மின்சாரம் மிச்சமாகும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேலே பம்ப் செய்து, தேவை எகிறும்போது திறந்துவிடுவார்கள். மலை உயரத்துக்கு ஒரு பவர் பேங்க்னு வெச்சுக்கோங்க. ஆனா, இதிலும் நஷ்டம் உண்டு. இதுபோன்ற நிலையங்களில் 100 யூனிட் செலவழிச்சா 70-80 யூனிட்தான் திரும்பும்.

பெரிய அணைன்னா அதற்கான விலையும் பெருசு. 22,500 மெகாவாட் திறனுள்ள சீனாவின் 'மூன்று பள்ளத்தாக்கு' அணைக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதனால என் ஓட்டு, இருக்கிற அணைகளை ஜோடி சேர்ப்பதற்குத்தான். நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் அந்த ரூட்ல போகுது: மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி-எமரால்டு. ரெண்டுமே பழைய நீர்த்தேக்கங்கள்.