ரைஸ்மன், ஜெஃப்ரி (1939–2017)

பிரித்தானிய நரம்பியல் ஆய்வாளர். மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் முகர்நரம்பின் உறைச்செல்களைத் தண்டுவடக் காயத்தில் பதியவைத்து, அறுந்த நரம்பிழைகளை மீண்டும் வளரச் செய்யும் முறைக்கு வழிகோலியவர். 1939 ஜூன் 28 அன்று லீட்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் பயின்றார். அங்கேயே ஆய்வையும் தொடங்கினார்.

அக்காலத்தில் இத்துறையை ஆண்டது ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ கஹாலின் தீர்ப்பு. வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் நிலைத்துவிட்டவை, அறுந்தால் அறுந்தவையே என அவர் எழுதியிருந்தார். கை, கால் நரம்புகள் வெட்டுப்பட்டபின் தழைப்பதை மருத்துவர்கள் அறிவர். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அந்த வாய்ப்பு இல்லை என்றே மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

இந்நம்பிக்கையை உடைத்தது ரைஸ்மன் 1969இல் வெளியிட்ட ஆய்வு. எலியின் மூளையில் 'செப்டம்' என்னும் பகுதியை அவர் தேர்ந்தது தற்செயலன்று. அங்குள்ள நரம்புச் செல்களுக்கு இரு வழிகளில் இழைகள் வருகின்றன. ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியிலிருந்து வருபவை செல்லின் கிளைகளில் மட்டுமே முடிகின்றன. முன்மூளையின் அடிப்பகுதி வழியே வருபவை கிளைகளிலும் செல்லின் உடலிலும் முடிகின்றன. ஆகவே எந்த இழை எங்கே முடிகிறது என்று பார்த்தே மாற்றத்தைக் கண்டுகொள்ளலாம். அவர் ஒரு பாதையை வெட்டிச் சில வாரங்கள் காத்திருந்தார். பிறகு மற்றதை வெட்டி, இரண்டொரு நாளில் திசுவை எடுத்தார். அழியத் தொடங்கிய இழைமுனைகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கருத்துத் தெரியும் என்பதால், இரண்டாவதாக வெட்டப்பட்டவை எவை என்பதில் குழப்பமில்லை. அடிப்பகுதிப் பாதையை முதலில் இழந்த எலிகளில், ஹிப்போகாம்பஸ் இழைகள் தமக்கு உரிமையில்லாத செல் உடலிலும் இணைப்புக் கொண்டிருந்தன. காலியான திண்ணையில் பக்கத்து வீட்டார் வந்து அமர்ந்ததுபோல. இன்று 'மூளையின் நெகிழ்வுத்தன்மை' என்று பரவலாகப் பேசப்படுவதற்கு வழிவகுத்த முக்கிய ஆய்வுகளுள் ஒன்று இக்கட்டுரை. சில ஆண்டுகளில் பாலின் ஃபீல்டுடன் சேர்ந்து, ஆண், பெண் எலிகளின் மூளை இணைப்பு அமைப்பில் வேறுபாடு உண்டு என்பதையும் காட்டினார்.

1974இல் லண்டனின் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவர் கவனம் மூக்கின் பக்கம் திரும்பியது. முகர்நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுதும் அழிந்து புதிதாகத் தோன்றுகின்றன. அவற்றின் இழைகள் வளர்ந்து மூளைக்குள்ளும் நுழைகின்றன. உடலில் வேறெங்கும் எளிதில் காணாத இவ்வசதிக்குக் காரணம், அவ்விழைகளைச் சூழ்ந்து மூளைவரை உடன்செல்லும் உறைச்செல்களே என 1985இல் அவர் கருத்துரைத்தார். நரம்புறையில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதை ஜூரிக்கில் ஷ்வாப் குழுவினர் ஆராய்ந்துவந்தனர். ரைஸ்மனோ, இழைக்கு வளரும் ஆற்றல் உண்டு, தழும்பால் வழிதான் அடைபட்டிருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் போதும் என்றார். 1997இல் யிங் லீ, ஃபீல்டு ஆகியோருடன் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை அதற்குச் சான்றானது. தண்டுவடப் பாதை அறுந்து ஒரு முன்காலை நீட்டி உணவெடுக்க இயலாதிருந்த எலிகள், இச்செல்களைப் பெற்றபின் மீண்டும் எடுத்தன. 2001இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2005இல் அவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார்.

மனிதரில் இம்முறை போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் கையாளப்பட்டது. 2010இல் கத்திக்குத்துக்கு ஆளாகி மார்புக்குக் கீழ் செயலிழந்த ஒருவருக்கு, 2012இல் பாவெல் தபாகோவ் தலைமையிலான குழு அறுவை செய்தது. முகர்நரம்பு சென்று சேரும் மூளைப்பகுதியான முகர்குமிழ்களுள் ஒன்றை நோயாளியிடமிருந்து எடுத்து, அதன் செல்களை வளர்த்துக் காயத்தின் மேலும் கீழும் ஊசியால் செலுத்தினர். இடையிலிருந்த 8 மில்லிமீட்டர் இடைவெளியைக் கணுக்காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டுகள் பாலமாக இணைத்தன. அதற்கு முன் நெடுங்காலம் இயன்முறை மருத்துவம் பெற்றும் முன்னேற்றம் காணாத அவர், பின்னர் ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடந்தார். 2014இல் இச்செய்தி வெளியானபோது, ஒரே நோயாளியை வைத்து முடிவுகட்டலாகாது என்று சிலர் தயங்கினர். அவர் நடந்தார் என்பதை அத்தயக்கம் மாற்றிவிடவில்லை.

தன் குடும்ப வரலாற்றை 'தி அன்டார்க் ஸ்கை' (2002) என்னும் நூலாகவும் எழுதியுள்ளார். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் உறைச்செல் ஆய்வு தொடர்கிறது. ரைஸ்மன் 2017 ஜனவரி 27 அன்று காலமானார்.