கேமரன் மலைத் தோட்டங்களில் எலும்பு முறிவு மருத்துவம்: இரு மரபுகளின் சந்திப்பு

பகாங் மாநிலக் கேமரன் மலையின் தேயிலை வரலாறு, 1929இல் ஜே. ஏ. ரசல் போ நிறுவனத்தைத் தொடங்கியதோடு வேர்கொள்கிறது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. செங்குத்தான சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமந்த தமிழ்ப் பாட்டாளிகளுக்குச் சறுக்கி விழுவதும் எலும்பு முறிவதும் தொழிலோடு வந்த இடர்களாகும். அந்நிலையில் அவர்கள் நாடிய மருத்துவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மலாயாத் தோட்டங்களில் மருத்துவ வசதி அளிப்பது நிர்வாகத்தின் கடமை என்பதை 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வலியுறுத்தியது. எனினும், தோட்ட மருந்தகத்தின் டிரெசரால் எல்லா முறிவுகளையும் சீர்செய்ய இயலாது. மலையடிவாரத் தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை உள்ளது. நாட்கூலியை நம்பிய குடும்பத்துக்கு அத்தொலைவே ஒரு சுமையாகும். அருகில் கிடைத்த கட்டு வைத்தியம் செல்வாக்குப் பெற்றதற்கு நம்பிக்கை மட்டுமன்று, தொலைவும் வறுமையும் காரணங்கள் எனலாம்.

முறிந்த உறுப்பை நேராக்கி, உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவது தமிழர் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டச்சு மருத்துவர் மதைசன் உருவாக்கிய மாவுக்கட்டின் அடிப்படையும் இதுவே: அசையாதிருப்பின் எலும்பு தானே கூடும். ஆகவே, எளிய முறிவுகளில் நாட்டுக் கட்டும் பயனளித்ததில் வியப்பில்லை.

ஆயினும், இவ்வொற்றுமைக்கு ஓர் எல்லையுண்டு. இறுகிய கட்டு குருதியோட்டத்தைத் தடுத்துத் தசையை அழிக்கும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் விளக்கினார். விரல்கள் மரத்தலும் நிறம் மாறுதலும் தாங்கொணா வலியும் அதன் அறிகுறிகள். சில மணி நேரத் தாமதமே கையையோ காலையோ பறித்துவிடலாம். தோல் கிழிந்த முறிவும் மூட்டு முறிவும் மருத்துவமனைக்கே உரியவை. 1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ்-கதிர் காட்டும் விலகலை விரல்களால் முழுமையாக உணர இயலாது.

மற்றோர் இழப்பும் கருதத்தக்கது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் காயத்துக்கு ஈடு வழங்கின. ஆனால், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். வைத்தியர் வீட்டோடு முடிந்த சிகிச்சை ஏட்டில் ஏறுவதில்லை. எனவே, ஈட்டுத்தொகையைக் கோருவதும் அரிதாயிற்று.

2016ஆம் ஆண்டு மரபு, நிரப்பு மருத்துவச் சட்டத்தின்கீழ் இந்திய மரபு மருத்துவமும் அங்கீகாரம் பெற்றுள்ளது. இன்று தேயிலைச் சரிவுகளில் உழைப்போருள் அயல்நாட்டினர் பலர். 2019 முதல் அவர்களுக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் விரிவாக்கப்பட்டுள்ளது. முதலில் எக்ஸ்-கதிர்ச் சோதனை, பின்னர் எலும்பு கூடியபின் மருத்துவர் அறிய எண்ணெய்த் தடவல் என்னும் வரிசையே இரு மரபுகளும் முரணின்றி இயங்கும் வழி. தோட்ட வரலாறு உணர்த்தும் பாடமும் அதுவேயாகும்.