ஏழ்மை என்றொரு வார்த்தைப்பாடு

பாமாவின் 'கருக்கு' (1992) பற்றி நம்மவர்கள் எழுதியதில் பெரும்பகுதி, அது நாவலா தன்வரலாறா, கொச்சை இலக்கியமாகுமா என்பதிலேயே செலவாகிவிட்டது. பிறகு தலித் இலக்கியத்தின் தொடக்கமென்று பீடத்தில் ஏற்றி வைத்தார்கள். இரண்டிலும் விடுபட்டவை அதன் மடத்துப் பக்கங்கள். தமிழ்க் கத்தோலிக்கத்தின் உள்வரலாற்றுக்கு அவை ஆவணம் என்றே நான் கருதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மலையடிவாரத்துப் புதுப்பட்டி பாமாவின் ஊர். (விமர்சகர் ராஜ் கௌதமன் அவருடைய அண்ணன்.) பாட்டி நாயக்கர் வீட்டு வேலைக்காரி. தெருப் பிள்ளைகள் விடியுமுன் சிவகாசித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். ராஜபாளையத்துப் பக்கமானால் பஞ்சாலை, பேண்டேஜ் துணித் தறி. கல்யாணம் வேண்டாமென்று நிற்கும் பெண்ணுக்கு வில்லிபுத்தூரில் ஆண்டாள் இருக்கிறாள்தான். ஆனால் அவள் தெய்வமாகிப் போனவள். கத்தோலிக்கத் தெருவில் அந்த இடத்தில் நின்றது மடம். படிப்பு, மரியாதை, புருஷனில்லாத வாழ்வு மூன்றும் அங்கே கிடைத்தன. பாமா போனது இவற்றுக்காக அல்ல. கையிலிருந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டு 1985-ல் போனார். ஏழைகளுக்காகவே வாழ்ந்து செத்த ஒரு பெண் நிறுவிய சபை என்று படித்திருந்தார்.

இங்கே ரோமாபுரியைச் சற்று நோக்க வேண்டும். 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற சபைகளுக்கென ஓர் ஆணையேடு வெளியிட்டது. ஸ்தாபகரின் ஆதிநோக்கத்துக்குத் திரும்புங்கள் என்பது அதன் சாரங்களில் ஒன்று. அறிந்தோ அறியாமலோ அது மடத்துக்குள் வைத்த மருந்து. ஸ்தாபகரின் சரித்திரத்தை நம்பி வருகிற இளம்பெண் அதையே கோலாக்கி மடத்தை அளக்கத் தொடங்குவாள். லாஸ் ஏஞ்சல்ஸில் மாசற்ற இருதய சபைச் சகோதரிகள் உடை, ஜெபநேரம், பள்ளி வேலை எல்லாவற்றையும் மாற்ற முனைந்து கர்தினால் மக்கின்டயரோடு மோதினார்கள். 1970-ல் பெரும்பான்மையோர் வார்த்தைப்பாடுகளிலிருந்து விலகி, ஒரு சமூகமாகவே தொடர்ந்தார்கள். அவர்கள் கூட்டமாக வந்தார்கள். பாமா தனியாள்.

கன்னியர் கொடுக்கும் வார்த்தைப்பாடுகள் மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். மடத்தில் நெருக்கடி என்றதும் நம் வாசகமனம் முதலாவதற்குத் தாவும். கேரளத்து ஜெஸ்மியின் 'ஆமென்' (2009) பத்திரிகைகளுக்கு அந்தத் தீனியைப் போட்டது. பாமா இடறியது இரண்டாவதில். வறுமையில் பிறந்தவள் ஏழையாயிருப்பேனென்று சத்தியம் செய்கிறாள். மடத்திலோ வேளை தவறாத சாப்பாடு, வசதியான அறை, பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம். அவள் சாதிப் பிள்ளைகள் அதே வளாகத்தில் பெருக்கவும் கழுவவும் செய்கிறார்கள். பண்ணையார் மகளுக்கு ஏழ்மை துறவாக இருக்கலாம். புதுப்பட்டிக்காரிக்கு அது பதவி உயர்வு. இந்த விபரீதத்தை ஞான நூல்கள் எதிலும் நான் கண்டதில்லை. வாய் திறந்தால் மூன்றாவது வார்த்தைப்பாடு குறுக்கே வரும்.

சாதியும் வெளியே நிற்கவில்லை. சில சபைகள் அரிசனப் பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று எங்கோ தனிச் சபை இருக்கிறது என்று பயிற்சி முடியும் தறுவாயில் கேள்விப்படுகிறார். வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிபட்டது. இடித்ததை எதிர்த்து வேளாளக் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சுவர் போன பிறகும் கோடு இருந்திருக்கிறது.

இதைக் கடவுள் நம்பிக்கை அற்றுப்போன கதையாக வாசிப்பது சோம்பல். சாந்தமே உருவான, அடங்கிப்போகச் சொல்கிற கிறிஸ்துவைத்தான் பாமா மடத்தில் விட்டு வந்தார். நியாயத்துக்காகக் கோபம்கொண்ட இன்னொரு கிறிஸ்து 'கருக்கு' நெடுக உடன் வருகிறார். முன்னவர் இல்லாமல் மடம் நடக்காது. பின்னவரோடு அதற்குள் இருக்க முடியாது.

1992-ல் வெளியே வந்தபோது வேலையில்லை. அந்த ஆண்டே புத்தகம் அச்சேறியது. தங்கள் பாட்டையெல்லாம் அம்பலமாக்கிவிட்டாளென்று ஊராருக்குக் கோபம். பல மாதங்கள் புதுப்பட்டிக்குள் அவரை விடவில்லை.