‘ஜகாட்’ வாசிக்கப்பட்ட விதம்: தோட்டம் இழந்த பிள்ளையும் மலேசியத் தமிழ் விமர்சனமும்

கூலாய் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரிடம் பேசினாலும், பேச்சு எப்படியாவது ஒரு தோட்டத்தின் பெயரில் வந்து நிற்கும். இன்று அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி இருக்கும், அல்லது தொழிற்பேட்டை இருக்கும். 2011ஆம் ஆண்டு இந்தாபுராவில் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் பேரங்காடி திறக்கப்பட்டது. அதைச் சுற்றி எழுந்த நகரியமும் ஒரு தோட்ட நிறுவனத்தின் நிலத்தில்தான் வளர்ந்தது. நிலம் கைமாறிய கதைக்கு ஆவணம் உண்டு. அந்த நிலத்தில் பிறந்து வெளியேறிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு நம்மிடம் உள்ள முதன்மையான கலை ஆவணம் 2015 டிசம்பரில் திரைக்கு வந்த ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. அதை இந்த நாடு எப்படிப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதைக் களம் 1990களின் தொடக்கம். அப்போய் பன்னிரண்டு வயதுச் சிறுவன். குறும்புக்காரன், கேள்வி கேட்பவன். தந்தை மணியத்துக்கு மகன் படித்து மேலே வந்துவிட வேண்டும். சிற்றப்பன்மாரில் ஒருவர் குண்டர் கும்பலைச் சேர்ந்த மெக்சிகோ, இன்னொருவர் போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட பாலா. அப்போயாக ஹர்வின்ட் ராஜும் மணியமாக குபென் மகாதேவனும் மெக்சிகோவாக ஜிப்ராயில் ராஜ்ஹூலாவும் நடித்தார்கள். மூன்று ஆண்கள் மூன்று வழிகளாக நிற்க, பிள்ளை நடுவில் நிற்கிறான். படம் அவனுக்கு நல்ல முடிவு எதையும் கடனாக வாங்கித் தரவில்லை.

இதன் வரலாற்றுப் பின்னணியைச் சொல்லாமல் வரவேற்பைப் பேச முடியாது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள்; கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும்; பெரிய பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகும்; தண்ணீரும் விளக்கும் கோயில் திருவிழாவுக்கு விடுப்பும் நிர்வாகத்தின் கையில். வேலை போனால் லயத்து வீடும் போகும், பள்ளியும் போகும், அக்கம்பக்கமும் போகும். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலைக் கண்டு துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது சில தோட்டங்களைக் காத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், செம்பனை போய் வீடமைப்பு வந்ததும் அதன் கைக்கு அப்பாற்பட்டவை. 1980க்கும் 2000க்கும் இடையில் இப்படி வெளியேறியவர்கள் 3 லட்சம் பேர் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் கணக்கு. பலர் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். அப்போய் வளர்வது அத்தகைய குடியிருப்பில்.

படம் வெளியானபோது அதை எதிர்கொண்ட முதல் வாசிப்பு காவல்துறைச் செய்திகளின் நிழலில் அமைந்தது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் குழுக்களைத் தடை செய்து பட்டியலிட்டது. உறுப்பினர்கள் 40,000க்கும் மேற்பட்டோர், அவர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்று ஒரு புள்ளிவிவரமும் வந்தது. அந்த எண் நாட்டின் மனத்தில் பதிந்துவிட்டது. இரண்டாண்டு கழித்து வந்த ‘ஜகாட்’டைப் பாராட்டிய பலரும் ‘இந்திய இளைஞர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள்’ என்ற கேள்விக்கு விடையாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். தமிழரிடையே எழுந்த தயக்கமும் அதே இடத்திலிருந்து வந்தது: நம்மை மீண்டும் குண்டர்களாகத்தானே காட்டுகிறார்கள் என்ற மனக்குறை. அந்த மனக்குறையை நான் மதிக்கிறேன். பெயர் கெட்ட சமூகத்துக்குத் தன் பிம்பத்தைப் பற்றிக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் பாராட்டும் குறையும் ஒரே தவற்றைச் செய்தன. இரண்டும் மெக்சிகோவைப் பார்த்தன, அப்போயைப் பார்க்கவில்லை.

இரண்டாம் கட்டம் 2016இல் வந்தது. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழிப் படங்களுக்கும் பிற மொழிப் படங்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைக்கப்பட்டன. ‘ஜகாட்’டும் சியூ கெங் குவானின் ‘ஓலா போலா’வும் பிற மொழிப் பக்கம் தள்ளப்பட்டன. முதலில் உரக்கக் குரல் கொடுத்தவர்களில் மலாய்க் கலைஞர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் விழாவைப் புறக்கணித்தார். நடிகர் அஃப்டலின் ஷவ்கியும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளைத் திருத்தி, எல்லா மொழிப் படங்களும் போட்டியிடும் சிறந்த மலேசியப் படம் என்ற பிரிவைத் திறந்தார்கள். செப்டம்பரில் அந்த விருது ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது. ஒரு தமிழ்ப் படம் அந்தப் பெருமையைப் பெற்றது அதுவே முதல் முறை.

வெற்றி பெரியது, அதற்கு ஒரு விலையும் இருந்தது. அன்று முதல் ‘ஜகாட்’ மொழி உரிமையின் சின்னம் ஆனது. அதைப் பற்றிய கட்டுரைகள் விருதில் தொடங்கி விருதில் முடிந்தன. பிள்ளையின் கண் மட்டத்தில் கதையைச் சொல்லும் முறை, பெரியவர்களின் பேச்சைப் பிள்ளை அரைகுறையாகக் கேட்டுப் பொருள் கொள்ளும் விதம், தமிழ்ப்பள்ளி வகுப்பறையும் பலகை வீடும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நிற்கும் நிலை ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்காட்லாந்தின் ‘ரேட்கேட்சர்’ உதவும். லின் ராம்சே இயக்கி 1999இல் கான் விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படம், 1973இல் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தத்தால் கிளாஸ்கோ நகரம் நாறிக்கொண்டிருந்த நாட்களில் நடக்கிறது. பன்னிரண்டு வயது ஜேம்ஸ் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய், பாதி கட்டப்பட்ட புதிய வீடுகளைக் காண்கிறான். ஆளில்லாத வீட்டின் கண்ணாடி பொருத்தாத சன்னல் வழியே முற்றிய கதிர் வயல் தெரிகிறது. அவன் சன்னலில் ஏறி வயலில் குதித்து உருள்கிறான். இன்னொரு காட்சியில் பலூனில் கட்டிய எலி நிலவுக்குப் பறக்கிறது. அங்கும் விமர்சகர்கள் முதலில் வறுமையைத்தான் எழுதினார்கள். பின்னர் விவாதம் வடிவத்துக்கு நகர்ந்தது: இது கென் லோச்சின் ‘கெஸ்’ வழிவந்த சமூக யதார்த்தமா, பில் டக்ளஸ் காட்டிய கவித்துவ வழியா என்று வாதிட்டார்கள். அந்த வாதமே படத்தை நிலைக்க வைத்தது. இந்தியாவிலும் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று சத்யஜித் ராய்மீது நர்கிஸ் 1980இல் குறை சொன்ன பிறகும் ‘பதேர் பாஞ்சாலி’ நின்றது. துர்காவும் அப்புவும் ரயிலைப் பார்க்க ஓடுவதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எழுதிப் பார்த்ததே காரணம்.

நமக்கு அந்த நகர்வு ஏன் முழுமையாக நிகழவில்லை? திறமைக் குறைவு காரணமன்று. ஞாயிறு பதிப்புகளே இங்கு நெடுங்காலம் விமர்சனத்தின் மேடை. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இணைய இதழான ‘வல்லினம்’ போன்றவை தீவிர விமர்சனத்தைச் சுமந்தாலும் அவற்றின் வாசகர் வட்டம் சிறியது. தோட்ட வாழ்வைப் பூச்சின்றிச் சொல்லும் எழுத்தின்மீது ஒரு பதற்றமும் இருக்கிறது, ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல் 2020 டிசம்பரில் தடை செய்யப்பட்டது அதன் உச்சம். இத்தகைய சூழலில் ஒரு படைப்பைக் காக்கவோ தாக்கவோதான் நேரம் கிடைக்கிறது; நிதானமாக வாசிக்க நேரம் கிடைப்பதில்லை.

ஆயினும் அச்சில் வராத ஒரு வாசிப்பு நடந்திருக்கிறது. தந்தை அடித்த அடியை, பலகை வீட்டின் இரவை, ஆறாம் ஆண்டுச் சோதனை பற்றிய பயத்தைத் தங்கள் சொந்தக் கதையோடு சேர்த்துச் சமூக ஊடகங்களில் எழுதியவர்கள் ஏராளம். அவர்கள் அப்போயைப் பார்த்தார்கள். என் மதிப்பீட்டில் ‘ஜகாட்’டின் உண்மையான விமர்சனம் அங்கேதான் தொடங்கியது. அந்தப் பதிவுகள் கணக்குகள் மூடப்படுவதாலும் அழிக்கப்படுவதாலும் ஆண்டுக்கு ஆண்டு மறைந்துகொண்டிருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர் ஒருவராவது அவற்றையும், தமிழ், மலாய், ஆங்கில மதிப்புரைகளையும் ஒரே தொகுப்பாகத் திரட்ட முன்வர வேண்டும். கூலாய் வாசகர்களிடம் அப்படி எழுதிய பக்கம் ஏதேனும் இருந்தால் தயவுசெய்து எடுத்து வையுங்கள்.