நீதிமன்றச் சுருக்கெழுத்துப் பயிற்சி (தமிழ்நாடு)

நீதிமன்றச் சுருக்கெழுத்துப் பயிற்சி என்பது, நீதிபதி சொல்லும் தீர்ப்புகளையும் ஆணைகளையும் பேச்சின் வேகத்திலேயே குறியீடுகளால் எழுதிக்கொண்டு, பின்னர் அவற்றை முழு எழுத்தில் தட்டச்சு செய்து தருவதற்கான தொழிற்பயிற்சி ஆகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் அரசு அங்கீகாரம் பெற்ற தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலகங்களில் அளிக்கப்படுகிறது. எனினும் வேலைக்குரிய தகுதிச் சான்றிதழைப் பயிலகம் வழங்குவதில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசு தொழில்நுட்பத் தேர்வில் தேறியோருக்கே அது கிடைக்கிறது. ஆகவே ஒரு பயிலகத்தின் தரம் அங்கு நாள்தோறும் நடைபெறும் பயிற்சியைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது.

பணியின் தன்மை

அமெரிக்க நீதிமன்றங்களில் கேள்வி, பதில் அனைத்தையும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் தனி அலுவலர்கள் உள்ளனர். இவர்கள் 22 விசைகள் கொண்ட சுருக்கெழுத்துப் பொறியைப் பயன்படுத்துகின்றனர். அங்குள்ள தேசியச் சங்கத்தின் அடிப்படைத் தகுதித் தேர்வில் சாட்சியப் பகுதியின் வேகம் நிமிடத்துக்கு 225 சொற்கள் ஆகும்.

இந்தியாவின் விசாரணை நீதிமன்றங்களில் நடைமுறை வேறு. சாட்சி கூறுவதைக் கேட்டு நீதிபதி அதன் சாரத்தைச் சொல்ல, அது தட்டச்சு செய்யப்படுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை, 5ஆம் விதி இதற்கு இடமளிக்கிறது. தீர்ப்புகளும் நீண்ட ஆணைகளும் சுருக்கெழுத்தரிடம் சொல்லப்படுகின்றன.

மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாகச் சாட்சியை மீண்டும் விசாரிப்பதில்லை. எழுதப்பட்ட பதிவையே படிக்கிறது. எனவே ஒரு சொல் மாறினாலும் வழக்காடுபவருக்கு இழப்பு நேரலாம்.

பிழை நேரும் இடங்கள்

ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட ஒலிவழிச் சுருக்கெழுத்து முறையே தமிழ்நாட்டில் பரவலாகப் பயிலப்படுகிறது. தமிழ்ச் சுருக்கெழுத்தும் அதைத் தழுவியதே. இம்முறையில் மெய்யொலிகள் கோடுகளாலும் உயிரொலிகள் புள்ளி, சிறுகீற்று ஆகியவற்றாலும் குறிக்கப்படும். வேகமாக எழுதும்போது உயிர்க்குறிகள் பெரும்பாலும் விடப்படுகின்றன. அப்போது "பட்டா", "பட்டி", "பாட்டி" ஆகிய சொற்களுக்கு ஒரே மெய்க்கோடுகள் எஞ்சும். கோடு அமையும் இடத்தையும் வாக்கியத்தின் பொருளையும் கொண்டே சொல்லை அறிய வேண்டும். நில வழக்கொன்றில் இக்குழப்பம் சிறியதன்று.

தேவையான தகுதிகள்

1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியப் பதிவும் தீர்ப்பும் தமிழில் அமைய வழி செய்கிறது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஆகவே இரு மொழிப் பயிற்சியும் தேவைப்படுகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வு வழியாக நிரப்பப்படும் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிக்கு, தட்டச்சு, சுருக்கெழுத்து இரண்டிலும் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் முதுநிலைத் தேர்ச்சி உயர்ந்த தகுதியாகும். ஒரு மொழியில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் நீதிபதிகளின் நேர்முக உதவியாளர் பணியிடங்களுக்குத் தனியே அறிவிப்பு வெளியிடுகிறது.

ஆங்கிலச் சுருக்கெழுத்துத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 80 சொற்களும், இடைநிலைக்கு 100 சொற்களும், முதுநிலைக்கு 120 சொற்களும் வேக அளவாகும். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலை 30 சொற்கள், முதுநிலை 45 சொற்கள்.

பயிற்சி நிலையங்கள்

தனியார் பயிலகங்களைத் தவிர, தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் செயலக உதவியும் சேர்ந்த ஓராண்டுப் பிரிவு உண்டு. பயிலகங்களில் மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் பயில்வது வழக்கம். இதனால் கல்லூரி மாணவரும் வேலைக்குச் செல்வோரும் சேர முடிகிறது.

சிற்றூர் மாணவர் அருகிலுள்ள நகரையே நாட வேண்டியுள்ளது. எடுத்துக்காட்டாக, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள தாமலில் வாழ்வோருக்கு அருகிலுள்ள பெருநகரம் காஞ்சிபுரம் ஆகும். நாள்தோறும் பேருந்தில் சென்று வர வேண்டியிருப்பதால், கட்டணத்தோடு பயண நேரமும் கணக்கிடத் தக்கது. இடைவெளி விழுந்தால் சுருக்கெழுத்து வேகம் விரைவில் குறையும்.

பயிலகத்தைத் தேர்ந்தெடுத்தல்

சேருமுன் பின்வருவனவற்றை ஆராய்வது பயன் தரும்.

- அங்கீகாரம்: பயிலகம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பது. தேர்வு விண்ணப்பம் பொதுவாகப் பயிலகம் வழியாகவே அனுப்பப்படுகிறது.
- ஆசிரியர்: தட்டச்சு மட்டும் கற்பிக்கும் பயிலகங்கள் பல. சுருக்கெழுத்துக்குத் தனி ஆசிரியர் உள்ளாரா, இரு மொழிகளையும் கற்பிக்கிறாரா என்று கேட்டறிதல் வேண்டும்.
- டிக்டேஷன்: நாள்தோறும் புதிய பகுதிகள், படிப்படியாக ஏறும் வேகத்தில், வெவ்வேறு குரல்களில் சொல்லப்பட வேண்டும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதினால் கையில் வேகம் ஏறியதுபோல் தோன்றும். உண்மையில் அது மனப்பாடமே.
- பெயர்த்தெழுதுதல்: எழுதிய குறிப்புகளை அன்றே முழு எழுத்தில் எழுதச் செய்து, பிழைகளை எண்ணிக் காட்டும் ஆசிரியரே சிறந்தவர். குறிப்பைப் படிக்க முடியாத வேகம் பயனற்றது.
- சட்டச் சொற்கள்: வாதி, பிரதிவாதி, மேல்முறையீட்டாளர், குறுக்கு விசாரணை, இடைக்காலத் தடை போன்றவற்றுக்கு உரிய குறிகளில் பயிற்சி உண்டா என்பது.
- வாக்குறுதிகள்: அரசுப் பணி நியமனம் போட்டித் தேர்வு வழியே நடைபெறுவதால், எந்தப் பயிலகமும் நீதிமன்ற வேலைக்கு உறுதி அளிக்க இயலாது.

ஒரு வகுப்பை நேரில் பார்ப்பதும், அங்கு முதுநிலை பயிலும் மாணவரிடம் பேசுவதும் விளம்பரங்களை விட நம்பத்தக்க தகவலைத் தரும்.

தொழில்நுட்ப மாற்றங்கள்

இந்திய உச்ச நீதிமன்றம் 2023 பெப்ரவரி 21 அன்று அரசியலமைப்பு அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் எழுத்தாக்கம் செய்யத் தொடங்கியது. கேரள உயர் நீதிமன்றம் 2025 நவம்பர் 1 முதல் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியப் பதிவுக்கு இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துமாறு பணித்தது. இவ்வாறு உருவாகும் எழுத்தை வழக்கின் பொருளறிந்து சரிபார்க்க ஒருவர் தேவைப்படுகிறார். ஆகவே இன்று இத்துறையில் நுழைவோருக்குக் கைவேகத்துடன் மொழித்திறன், சட்டச் சொல்லறிவு, கணினிப் பயிற்சி ஆகியவையும் இன்றியமையாதன ஆகின்றன.