நிலக்கடலை எண்ணெயின் பரம்பரை

நிலக்கடலை எண்ணெய் காறுவதற்கு இலினோலெயிக்கமிலம் ஒட்சியேற்றமடைதலே முதற் காரணமாகும். சாதாரண விதையெண்ணெயில் ஒலெயிக்கமிலம் ஏறத்தாழ 50 சதவீதமும் இலினோலெயிக்கமிலம் 30 சதவீதமும் காணப்படும். 1987 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்து நோர்டனும் பிறரும் வெளியிட்ட ஆய்விலே, எப் 435 என்னும் வழியில் முன்னது 80 சதவீதமாயும் பின்னது 2 சதவீதமாயும் இருந்தமை தெரியவந்தது.

இவ்வியல்பின் பரம்பரையை மூர், நோவ்ற் ஆகியோர் 1989 இல் விளக்கினர். ஒரு கலப்பின் இரண்டாம் எச்சத்தில் 15:1 விகிதமும் மற்றொன்றில் 3:1 விகிதமும் கிடைத்தன. இரு பின்னிடைவான பரம்பரையலகுகள் ஒருங்கு சேர்ந்தாலன்றி இவ்வியல்பு தோன்றாது என்பதே 15:1 இன் பொருள். 3:1 கூறுவதோ அதனினும் சுவையானது. அக்கலப்பின் சாதாரணப் பெற்றோர் அவ்விரண்டில் ஒன்றை ஏற்கெனவே தாங்கியிருந்தது. தேடிய பொருளின் பாதி இனவிருத்தியாளர்தம் வயலிலேயே மறைந்து கிடந்ததெனலாம். உயர் ஒலெயிக் பேதங்களுள் முதலாவதான சண் ஒலெயிக் 95 ஆர் 1995 இல் வெளியாயிற்று.