திருத்தணியில் ஒரு வெண்பாவும் இரு செப்பேடுகளும்

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் பேருந்தேறுவோரின் கண்கள் மலையுச்சி முருகனையே தேடும். யாம் தேடிச் சென்றதோ கீழே ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரரை. (பெயரில் வீரட்டானம் உண்டு, அட்ட வீரட்டங்களுள் ஒன்றன்று.)

மிகச் சிறிய கோயில்தான். அடி முதல் முடி வரை கல்லால் எழுந்து, பின்புறம் யானையின் முதுகென வளையும் தூங்கானைமாட விமானம். சுவர்க் கோட்டங்களில் பிள்ளையார், ஆலமர் அண்ணல், திருமால், நான்முகன், கொற்றவை. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றில் இலிங்கோத்பவர் நிற்கும் பின்சுவரில் இங்குத் திருமால் நிற்பது தொண்டை நாட்டின் பழைய மரபு.

இதை எடுப்பித்தவர் நம்பி அப்பி என்பவர். காலம், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பல்லவர் அபராசிதவர்மரின் 18ஆம் ஆட்சியாண்டு. கோயிலினும் வியப்பளிப்பது கல்வெட்டு. அப்பியின் கலையறிவையும் திருப்பணியையும் புகழும் வெண்பா ஒன்று அதில் உள்ளது. அதனைப் பாடியவர் அரசரே என்றும் கல்லே சொல்கிறது. குடிகள் கோவைப் பாடுவதே நாமறிந்த வழக்கம். இங்குக் கோ ஒரு குடிமகனைப் பாடியிருக்கிறார்! பாரிசுக்கு அருகிலுள்ள சான்-தெனி ஆலயத்தைப் புதுப்பித்து, 1144இல் அதன் கருவறைப் பகுதிக்குக் குடமுழுக்குக் கண்ட மடத்தலைவர் சுழே, கதவில் தம் பெயரைத் தாமே பாட்டாக எழுதிக்கொண்டார். அப்பிக்கு அந்தச் சிரமம் இல்லை.

சான்-தெனியின் கருவூலம் பிரெஞ்சுப் புரட்சியில் சிதறியது. பொன்னிலும் வெள்ளியிலும் பெரும்பகுதி உலைக்குப் போயிற்று. திருத்தணியின் கருவூலம் செம்பு. 1977இல் அருகிலுள்ள வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராசிதருடையது, மற்றொன்று முதலாம் பராந்தக சோழருடையது. அபராசிதரை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்ட ஆதித்த சோழரின் மைந்தரே இந்தப் பராந்தகர். அவ்வெற்றியைச் சொல்லும் இராசேந்திரரின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இதே வட்டாரத்தவை.

தோற்றவர் ஏடும் வென்றவர் மகனின் ஏடும் ஓரூரில் கிடைத்ததை எண்ணி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். புதிய ஆட்சியில் பழைய கொடை செல்லுபடியாக வேண்டுமானால் பழைய ஏடு கையில் இருந்தாக வேண்டும் என்றார் நண்பர். இருக்கலாம். ஆனால், சுவரிலிருக்கும் வெண்பா நிலவுரிமை எதையும் காக்கவில்லையே? பல்லவர் போய்ச் சோழர் வந்தபின் அதைச் செதுக்கி எறிய ஓர் உளி போதும். எவரும் எறியவில்லை.

வேலஞ்சேரி ஏடுகளை இரா. நாகசாமி 1979இல் பதிப்பித்தார். வெண்பாவைக் கல்லில் படிக்கக் கண் ஒத்துழையாதவர்கள், பல்லவர் கல்வெட்டுகள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் 12ஆம் தொகுதியைப் புரட்டிவிட்டுப் போகலாம்.